சிவப்பு மை இல்லாத பக்கம்

“குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா பாப்பா?”

காரியக்காரர் முத்துசாமி அம்சவள்ளியைப் பார்த்து இப்படிக் கேட்டபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. 1934ஆம் வருஷம், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு முற்பகல். ஆனாலும் அவர் தாகத்துக்குக் கேட்கவில்லை என்பது சேலியமேட்டில் பேசத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

முத்துசாமி வில்லியனூர் சண்முகசுந்தரம் ஐயா வீட்டுக் காரியக்காரர். நெல் வியாபாரத்தில் பேர்பெற்ற குடும்பம் அது. ஐயாவின் தாயார் கோகிலாம்பாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பத்திரம் எழுதுகிற நொத்தேர் முன்னால், நாலு ஆண்கள் பார்க்க, கட்டைவிரலை மையில் தோய்க்க நேர்ந்ததைச் சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லி ஆறாமல் போனாளாம். அந்த அம்மாள் பேரில் ஐயா ஒரு கல்வி தர்மம் வைத்தார். வருஷத்துக்கு ஒரு பெண் பிள்ளை. பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து எடுத்து, புதுச்சேரியில் தங்க வைத்து, துணிமணி, புத்தகம், சாப்பாடு எல்லாம் கொடுத்துப் பெரிய பரீட்சை வரைக்கும் படிக்க வைப்பார்கள்.

அதற்கு ஒரே ஒரு சட்டம். யாரும் கேட்கக் கூடாது. ‘மனுக்கள் பெற்றுக்கொள்ளப்பட மாட்டா’ என்று தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதிய பலகை அந்த வீட்டு வாசலில் தொங்கியது. அவர்களாகப் பார்த்து, அவர்களாக விசாரித்து, அவர்களாகத் தாம்பாளம் அனுப்பி அழைப்பார்கள். கேட்டுக் கொடுத்தால் அது பிச்சை, என் தாயார் பேரில் நான் பிச்சை போட மாட்டேன் என்பது ஐயாவின் வாதம். தெரியாமல் போய்க் கேட்டவர்களை அவர் விரட்டியதில்லை. சிரித்த முகமாக, சாப்பிட்டுப் போங்கள் என்பார். அதற்கப்புறம் கேட்டவர் வீட்டுப் பேர் எந்த வருஷத்திலும் வராது.

தச்சர் வேணு கேட்கக்கூட இல்லை. வீராம்பட்டினம் தேரன்று கூட்டத்தில் ஐயாவைப் பார்த்துக் கும்பிட்டு, “எம் பொண்ணு நல்லா படிக்குதுங்க” என்று மட்டும் சொன்னார். “ரொம்ப சந்தோஷம்” என்றார் ஐயா. அதோடு ஐந்து வருஷமாகத் தச்சர் தெருவில் முத்துசாமிக்குத் தாகமே எடுக்கவில்லை.

ஆமாம், தாகம்தான் அடையாளம். வெயில் ஏறுகிற மாதங்களில் முத்துசாமி ஒற்றை மாட்டு வண்டியில் வருவார். ஏதாவது ஒரு வீட்டில் இறங்கித் தண்ணீர் கேட்பார். பிள்ளைதான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஏரி மதகு, கரும்பு விளைச்சல், கடலூர்ச் சந்தை என்று எதையாவது பேசிக்கொண்டிருப்பார், கண் மட்டும் பிள்ளை மேல் இருக்கும். போகும்போது நோட்டிலிருந்து ஒரு பக்கம் கேட்டு வாங்கிப்போவார். அந்தப் பக்கத்தை ஐயா பார்ப்பார். இப்படித் தண்ணீர் குடித்த ஏழெட்டு வீடுகளில் ஒன்றுக்கு ஆனி மாதம் முதல் வெள்ளிக்கிழமை தாம்பாளம் போகும்.

அதனால் அந்த மாட்டின் மணிச்சத்தம் கேட்டதும் தெருவே பாடம் ஒப்பிக்கும். பக்கத்து வீட்டுக் காசம்மாள் சொல்லுவாள்: “எங்க வூட்டுக் கோழிகூட அந்த நேரத்துல ஆனா ஆவன்னா சொல்லிக்கினு திரியுதுடி. நம்ம பேரு வராதான்னு அதுக்கும் ஒரு ஆசை.”

அம்சவள்ளி அப்படிச் சத்தம் போட்டுப் படிக்கிற பெண் இல்லை. பாகூர்ப் பள்ளிக்கூடத்தில் அவள் பதில் சொன்னால் வாத்தியார் அரங்கநாதன் காதைக் கிட்டே கொண்டுவந்துதான் கேட்க வேண்டும். எழுதச் சொன்னால் மட்டும் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த வருஷத்தோடு அங்கே வகுப்பு முடிந்துவிடும். மேலே படிக்கப் புதுச்சேரிதான். அவள் அப்பா பச்சையப்பன் கெட்டவர் இல்லை. கரும்புக்கொல்லை வேலைக்குக் கை பற்றாமல் தவிக்கிறவர். அவர் ஒரு பேச்சாகச் சொல்லி வைத்திருந்தார்: “தாம்பாளம் வந்தா போவட்டும். வரலன்னா மறுநாளே தோகை உரிக்க வந்துடணும். ரெண்டுல ஒண்ணு.”

அம்மா தையலம்மாளுக்குப் படிப்பு வாசனையே கிடையாது. ஆனால் மகள் நோட்டை அவள் பார்க்காத நாளும் கிடையாது. சாயங்காலம் அடுப்பு மூட்டுமுன் நோட்டை மடியில் வைத்து ஒவ்வொரு தாளாகத் திருப்புவாள். வாத்தியார் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தால் அங்கே தப்பு. சிவப்பு இல்லையென்றால் சரி. அவளுக்குத் தெரிந்த படிப்பு அவ்வளவுதான், அதில் அவளை ஏமாற்ற முடியாது.

“இங்க ரெண்டு எடத்துல செவந்து கெடக்குது. இன்னாடி பண்ண?”

“கணக்குமா.”

“கணக்கப் பாத்துப் போடு. பயிருல நோவு விழுந்தாப்பல இருக்குது பாக்கறதுக்கு.”

அந்தப் பங்குனியில் வாத்தியார் ஒரு வேலை கொடுத்திருந்தார். ஒரு பெரிய மனிதருக்குக் கடிதம் எழுத வேண்டும். ஏதாவது ஒரு தேவையைச் சொல்லிக் கேட்க வேண்டும். பெரிய பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு மனு எழுதத் தெரிந்திருக்க வேண்டுமாம். வகுப்பில் எல்லோரும் ஊராட்சித் தலைவரான மேர் ஐயாவுக்குத்தான் எழுதினார்கள். கிணறு கேட்டார்கள், பாலம் கேட்டார்கள், ஒருத்தி யானை கேட்டாள். அம்சவள்ளி வீட்டில் உட்கார்ந்து எழுதினாள். கேட்கவேண்டியது என்று நினைத்ததும் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. பேனா அதுபாட்டுக்குப் போய்விட்டது.

‘மகாராஜராஜஸ்ரீ சண்முகசுந்தரம் ஐயா அவர்களுக்கு, சேலியமேடு பச்சையப்பன் மகள் அம்சவள்ளி நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. எங்கள் பள்ளிக்கூடத்தில் இதற்கு மேல் வகுப்பு இல்லை. என்னைப் புதுச்சேரிக்கு அனுப்பிப் படிக்க வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் பலகை இருக்கிறது. பாவாடை இரண்டு இருக்கிறது. நான் சாப்பாடு கொஞ்சமாகத்தான் சாப்பிடுவேன். அழ மாட்டேன்.’

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தாள். இதை எப்படிக் காட்டுவது? அடுத்த தாளைத் திருப்பி, மேர் ஐயாவுக்கு இன்னொரு கடிதம் எழுதினாள். தெரு முனையில் விளக்கு இல்லை, மழைக்காலத்தில் பாம்பு வருகிறது, ஒரு விளக்குக் கம்பம் நட வேண்டும் என்று. அதை வாத்தியாரிடம் காட்டினாள். இரண்டு இடத்தில் சிவப்புக் கோடு விழுந்தது. முதல் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் அவள் கையெழுத்து அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு நன்றாக வந்ததில்லை. கை வரவில்லை, விட்டுவிட்டாள்.

சித்திரையில் முத்துசாமி வந்தார்.

வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார வைத்தார்கள். தையலம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புதுச் சொம்பு ஒன்றைத் துணியில் சுற்றி இரண்டு வருஷமாகப் பெட்டியில் வைத்திருந்தாள். அதை எடுத்து மகள் கையில் திணித்தாள்.

“கொடத்துத் தண்ணி வேணாம். கெணத்துக்குப் போயி புதுத் தண்ணியா மொண்டாடி. ஓடு.”

கிணறு தெருக்கோடியில். அம்சவள்ளி ஓடினாள். வாளி இறங்குகிற நேரம், ஏறுகிற நேரம். சொம்பைக் கழுவி, நிரப்பி, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துத் திரும்பி வந்தாள். வேலிக்கு வெளியே காசம்மாளும் இன்னும் இரண்டு பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டிலில் முத்துசாமியின் கையில் ஒரு தாள் இருந்தது. ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்திருந்தது.

“நானே கிழிச்சிக் குடுத்துட்டன்,” என்றாள் தையலம்மாள், மகளைப் பார்த்து. முகம் முழுக்கச் சிரிப்பு. “இருக்கறதுலயே இது ஒண்ணுதான் ஒரு பொட்டுகூடச் செவப்பு இல்லாத பக்கம். பாருங்க ஐயா, எப்படி எழுதியிருக்குது. முத்து கோத்தாப்பல இல்ல?”

வாத்தியார் கண்ணில் படாத பக்கத்தில் சிவப்பு எங்கிருந்து வரும்?

முத்துசாமி உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து படித்தார். பிறகு தாளை மடியில் வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

“வேற பக்கம் ஏதாவது குடுக்கறியா பாப்பா?”

கேட்டது அவளைத்தான். ஆனால் தையலம்மாள் முந்திக்கொண்டாள்.

“அவளக் கேக்காதிங்க. வெக்கப்பட்டுக்கினு எதையாவது நோஞ்சானா எடுத்துக் குடுப்பா. இதவிட நல்ல பக்கம் இந்த நோட்டுல இல்லிங்க. நான் தெனம் பாக்கறன்.”

“பாப்பா சொல்லட்டும்மா. பாப்பா, வேற இருக்குதா?”

இருக்கிறது என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஏன் வேறு என்று அம்மா கேட்பாள். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பாள். வேலிக்கு வெளியே மூன்று பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கேட்டுவிட்டாள், பச்சையப்பன் மகள் கேட்டுவிட்டாள் என்று பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலே, அம்மா அந்தத் தாளைத் தன் கையாலேயே கிழித்து, மஞ்சள் வைத்துக் கொடுத்திருக்கிறாள்.

அம்சவள்ளி சொம்பை நீட்டினாள். கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவில்லை.

முத்துசாமி தண்ணீரை அவசரப்படாமல் குடித்தார். ஒரு மிடறு குடிப்பார், சொம்பை இறக்குவார், அவளைப் பார்ப்பார். மறுபடி ஒரு மிடறு. சொம்பு காலியானது. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“எழுத்து நல்லா இருக்குதும்மா,” என்று தையலம்மாளிடம் சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

அன்றிலிருந்து ஆனி வரைக்கும் தையலம்மாள் பூமியில் நடக்கவில்லை. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். தாம்பாளம் கொண்டுவருகிறவர்களுக்கு என்று பாய் ஒன்று வாங்கினாள். “எம்மாம் பெரிய கூட்டம் வருமோ, எங்க கொல்லையிலயும் நாலு பேர உக்கார வெச்சிக்கலாம்,” என்று காசம்மாளும் கூடவே சேர்ந்துகொண்டாள். அம்சவள்ளிக்கு மட்டும் அந்தத் தாள் நினைப்பே. முத்துசாமி அந்தத் தாளை வழியில் எங்கேயாவது போட்டிருப்பார் என்று ஒரு நாள் நினைப்பாள். பெயரை மட்டும் சொல்லியிருப்பார். நல்ல மனிதர்தானே. தண்ணீரை அவ்வளவு நேரம் குடித்தாரே. மறுநாள் அந்த நினைப்பு செத்துப்போகும். அடுத்த நாள் மறுபடி முளைக்கும்.

ஆனி முதல் வெள்ளிக்கிழமை. விடிவதற்குள் தையலம்மாள் வாசலை மெழுகிப் பெரிய கோலமாகப் போட்டாள். மகளுக்குத் தலைவாரிப் பூ வைத்தாள். பச்சையப்பன்கூட அன்று கொல்லைக்குப் போகாமல் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். மணிச்சத்தம் கேட்டது. வண்டி தெருவில் திரும்பியது. முன்னால் முத்துசாமி சரிகை வேட்டியில், மடியில் சிவப்புத் துணி மூடிய தாம்பாளம்.

வண்டி அவர்கள் வீட்டுக்கு முன்னால் வந்தது. நிற்கவில்லை. முத்துசாமி நேரே மாட்டின் கொம்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சக்கரம் கோலத்தின் ஓரத்தை அழித்துக்கொண்டு போயிற்று.

அந்த வருஷத்துத் தாம்பாளம் மேலத்தெரு செங்கமலத்துக்குப் போனது. செங்கமலம் அம்மாவை விட்டுப் போகமாட்டேன் என்று அன்று பகல் முழுக்க அழுதாள் என்று பிறகு சொன்னார்கள்.

“ஏன்டி?” என்று தையலம்மாள் மகள் தோளைப் பிடித்து உலுக்கினாள். “தண்ணி குடுக்கும்போது இன்னா பண்ண நீ? குனிஞ்சிக்கினே நின்னியே, அதான். ஒரு சிரிப்பு சிரிச்சியா? வாயத் தொறந்து வாங்கன்னு சொன்னியா? நான் செவப்பு இல்லாத பக்கமா பொறுக்கிப் பொறுக்கிக் குடுத்தன். நீ கெடுத்துட்ட.”

“ஆமாம்மா,” என்றாள் அம்சவள்ளி. “நான்தான் கெடுத்துட்டன்.”

மறுநாள் அப்பாவோடு கரும்புக்கொல்லைக்குப் போனாள்.

தோகை உரிக்கிற வேலை கையைக் கிழிக்கும். முதல் மாதம் விரல் மடங்கவில்லை. பிறகு தோல் தடித்துப்போய் வலி தெரியாமல் ஆயிற்று. முழங்கை வரைக்கும் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு அவள் வரிசை வரிசையாகப் போவாள். கூட வேலை செய்கிற பெண்கள் கேலி பேசுவார்கள், பாடுவார்கள். இவள் ஊமை என்று விட்டுவிட்டார்கள். லீவுக்கு வந்த செங்கமலம் ஒரு தடவை வரப்பில் நின்று கையசைத்தாள். காலில் செருப்பு போட்டிருந்தாள். அம்சவள்ளியும் அசைத்தாள்.

தையலம்மாள் அந்த நோட்டை எறியவில்லை. பெட்டியில் புதுச் சொம்போடு சேர்த்து வைத்தாள். எப்போதாவது எடுத்துத் திருப்புவாள். கிழித்த இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்ப்பாள். “இந்த எடத்துலதான் இருந்துச்சு,” என்பாள்.

மூன்று வருஷம் கழிந்தது. மாசி மாதத்தில் ஒரு நாள் முத்துசாமி வந்தார். வண்டி இல்லை, நடந்து வந்தார். சண்முகசுந்தரம் ஐயா மார்கழியில் காலமாகிவிட்டார் என்பது ஊருக்கு முன்பே தெரியும். மகன்களுக்கு இந்தப் பழக்கமெல்லாம் பிடிக்கவில்லை, முத்துசாமியையும் போகச் சொல்லிவிட்டார்கள் என்றும் பேச்சு இருந்தது. அன்று கொல்லையில் தண்ணீர்ப் பாய்ச்சல், வேலை இல்லை. அம்சவள்ளி வேப்பமரத்தடியில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க ஐயா, வாங்க,” என்று தையலம்மாள்தான் எழுந்து ஓடினாள். “உக்காருங்க. தண்ணி கொண்டாரன்.”

“வேணாம்மா...”

“கேட்டாத்தான் குடுக்கணுமா? இருங்க, கெணத்துல புதுசா மொண்டாரன்.” பெட்டியைத் திறந்து அந்தச் சொம்பையே எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் தலை மறைந்ததும் முத்துசாமி சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நான்காக மடித்தது. மடிப்பில் பழுத்திருந்தது.

“ஐயா பெட்டியை அவரு புள்ளைங்க சுத்தம் பண்ணாங்க. எல்லாப் பக்கத்தையும் வெந்நீர் அடுப்புல போடச் சொன்னாங்க. இத்த மட்டும் போடறதுக்கு மனசு வரல.”

அம்சவள்ளி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பிரித்தாள். தன் கையெழுத்துதானா என்று இருந்தது. ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்ற இடத்துக்கு அடியில் சிவப்புப் பென்சிலால் அழுத்தமாக ஒரு கோடு.

“ஏரிக்கரை வரிக்கும் கையிலயேதான் வெச்சிக்கினு போனேன்,” என்றார் முத்துசாமி, தாழ்ந்த குரலில். “தண்ணியில போட்டுடலாம்னு ரெண்டு தரம் வண்டிய நிறுத்தினேன். பேரு இருந்து பக்கம் இல்லன்னா கேப்பாரு. அவருகிட்ட நான் பொய் சொன்னதில்ல. படிச்சிட்டு அவருதான் அந்தக் கோட்டப் போட்டாரு. நல்ல எழுத்துப்பா, ஆனா கேட்டுடுச்சேன்னாரு. வேற எந்தப் பக்கத்தையும் அவரு அவ்ளோ நேரம் கையில வெச்சிப் பாத்து நான் கண்டதில்ல.” பிறகு அவளைப் பார்த்து, “நீ ஒரு வார்த்த சொல்லுவன்னு பாத்தேன் அன்னிக்கி,” என்றார்.

“அம்மா நின்னுக்கினு இருந்தாங்க,” என்றாள் அம்சவள்ளி.

அதற்குள் தையலம்மாள் சொம்போடு வந்துவிட்டாள். மகள் கையில் இருந்ததைப் பார்த்ததும் நடை நின்றது. ஓரத்து மஞ்சள் மங்கியிருந்தாலும் அவள் வைத்தது அவளுக்குத் தெரியாதா?

“இது நம்ம பக்கமாச்சே.” சொம்பைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். “இன்னாடி இது? இதுல ஏது செவப்பு? நான் குடுக்கும்போது இல்லியே.”

தாளை மகள் பக்கமே தள்ளினாள்.

“படிடி. இன்னா எழுதியிருந்த இதுல? நான் ஒருநாளும் கேக்கல பாரு. படி.”

அம்சவள்ளி தாளை நேராகப் பிடித்தாள். தன் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக அவள் படித்ததில்லை.

“மகாராஜராஜஸ்ரீ மேர் ஐயா அவர்களுக்கு, சேலியமேடு பச்சையப்பன் மகள் அம்சவள்ளி நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. எங்கள் தெரு முனையில் விளக்கு இல்லை. மழைக்காலத்தில் பாம்பு வருகிறது. ஆகையால் ஒரு விளக்குக் கம்பம் நட வேண்டும்.”

முத்துசாமி தலையை நிமிர்த்தினார்.

“அவ்ளோதானா?” என்றாள் தையலம்மாள்.

“அவ்ளோதாம்மா.”

“நல்லாத்தானே இருக்குது. ஊருக்காகத்தானே எழுதியிருக்குற. இதுல இன்னா தப்பு?”

அம்சவள்ளி ஒரு கணம் தாளைப் பார்த்தாள். “தேதி போடல. கடுதாசிக்குத் தேதி போடணும்.”

தையலம்மாள் அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தாள். அழுத்தித் தேய்த்தாள். பிறகு முத்துசாமி பக்கம் திரும்பினாள்.

“ஏங்க ஐயா, நீங்க படிச்சவரு, சொல்லுங்க. ஒரு தேதி போடாததுக்கா எம் பொண்ணு மூணு வருஷமா கரும்புக்கொல்லையில கெடக்குறா?”

முத்துசாமி அம்சவள்ளியைப் பார்த்தார். அவள் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் கட்டிலிலிருந்து எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கும்பிட்டார். சொம்பில் தண்ணீர் அப்படியே இருக்க, வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு பாகூர்ச் சாலைப் பக்கம் நடந்தார்.